கியூபா உணவில் தன்னிறைவு அடையவில்லை

ஒருவர், “சோவியத் எண்ணெய் நின்றதும் கியூபா இயற்கை வேளாண்மைக்கு மாறியது, உணவில் தன்னிறைவு அடைந்தது, நாமும் பெட்ரோல் தீரும் காலத்துக்கு அப்படியே தயாராகலாம்” என்று எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

தலைநகர் ஹவானாவின் நகரத் தோட்டங்கள் உண்மை. காலி மனைகளில் சுற்றிலும் தடுப்பு கட்டி, மக்கிய உரம் கொட்டி நீளமான பாத்தி அமைத்தார்கள். பறித்த கீரையைத் தோட்டத்து வாசலிலேயே விற்றார்கள். ஆனால் அங்கே விளைந்தது பெரும்பாலும் காய்கறியும் கீரையும்தான். வயிறு நிறைய அரிசி வேண்டும், ரொட்டிக்குக் கோதுமை வேண்டும். கியூபா இன்றும் தன் உணவில் பெரும்பகுதியை இறக்குமதிதான் செய்கிறது. கோழி இறைச்சி எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து!

சோவியத் எண்ணெய் நின்ற அந்தக் காலத்தை அழகாக மட்டும் காட்டுவதும் தவறு. 1990-93இல் பொருளாதாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. சத்துக்குறைவும் ஒரு காரணமாகி, 50,000 பேருக்கு மேல் பார்வை நரம்போ கை கால் நரம்புகளோ பாதிக்கப்பட்டன. சீனாவிலிருந்து லட்சக்கணக்கில் சைக்கிள் வந்தது; லாரித் தலை இழுத்த நெரிசல் பஸ்ஸுக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஒட்டகம்’.

அப்புறம், எண்ணெய் இல்லாமலேயே வாழப் பழகிவிட்டார்கள் என்பதும் இல்லை. 2000க்குப் பிறகு வெனிசுவேலா எண்ணெய் வந்துதான் மூச்சு விட்டார்கள். அதுவும் குறைந்த பிறகு, 2024 அக்டோபரில் நாடு முழுக்க மின்சாரம் போனது.