ஊரா, காலனியா?

ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் என் பேரைக் கேட்டான். அடுத்த கேள்வி: "நீ ஊரா, காலனியா?" காலனி என்றேன். மறுநாள் அவன் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான். முப்பது வருஷம் ஆகியும் அந்தக் காலி இடம் எனக்கு மறக்கவில்லை.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப் போவதாக முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நண்பர்கள் சிலர், "அதில் என்ன தப்பு? சென்னையில் பேங்க் காலனி, ரயில்வே காலனி எல்லாம் இருக்கிறதே?" என்று கேட்டார்கள். நல்லெண்ணத்தில்தான் கேட்டார்கள். ஆனால் எங்கள் பக்கம் முன்னால் எதுவும் சேர்க்காமல் வெறுமனே 'காலனி' என்றாலே யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சண்டையில் 'காலனிக்காரன்' என்பதை எந்தக் குரலில் சொல்வார்கள் என்பதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

என் தாத்தா காலத்தில் சேரி. அரசு வரிசையாக வீடு கட்டிக் கொடுத்ததும் காலனி. நடுவில் காந்தியின் 'அரிசன்' வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பேரை அம்பேத்கர் ஏற்கவில்லை. ஆனாலும் எங்கள் தெருமுனைப் பலகையில் ரொம்ப நாள் 'அரிசன காலனி' என்றே இருந்தது. பேர் மாற மாற, ஏளனமும் கூடவே குடிபெயர்ந்து வந்தது.

சேரி என்பதே முதலில் வசை இல்லை. சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். கி.பி. 921ஆம் ஆண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். குடவோலையில் ஆள் தேர்ந்தெடுத்த அந்தப் பிராமணர் ஊரில் முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள்; பன்னிரண்டு சேரிகள். ஆம், அவர்கள் வாழ்ந்ததும் சேரியில்தான்! தஞ்சைப் பெரிய கோயிலுக்காக ராஜராஜன் 400 பெண்களைக் குடியமர்த்திய தெருக்களுக்குத் தளிச்சேரி என்று பேர். அதே மன்னனின் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றும் வருகிறது. கறை அந்த முன்னொட்டில் இருந்தது. நாளடைவில் மற்ற சேரிகள் தெருவாகவும் அக்ரகாரமாகவும் பேர் மாற்றிக்கொண்டு நகர்ந்துவிட, சேரி என்ற சொல் எங்களோடு மட்டும் தங்கிவிட்டது. சொல் செய்த குற்றம் எதுவும் இல்லை.

பலகையிலிருந்து காலனியை எடுப்பதை மனசார வரவேற்கிறேன். ஒரு குழந்தை தன் முகவரியைத் தலை குனியாமல் எழுதினால் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நாளைக்கு வைக்கிற பேரும் பத்து வருஷத்தில் வசையாகாமல் இருக்க வேண்டுமானால், இன்னொரு சொல்லைத் தொட்டாக வேண்டும். அது 'ஊர்'. யாரும் அதை இழிசொல் என்று நினைப்பதில்லை. ஆனால் அந்தப் பையனின் கேள்வியில் என்னை வெளியே நிறுத்தியது காலனி இல்லை, ஊர்தான்.

குறுந்தொகையில் ஒரு தலைவி, தலைவன் தன்னை எட்டிப் பார்ப்பதில்லையே என்று வருந்துகிறாள்: "ஓர் ஊர் வாழினும் சேரி வாரார்". அவள் சேரி, அவனும் அவளும் வாழும் ஊருக்குள்ளேயேதான் இருக்கிறது.

என் அம்மாவுக்கு ரேஷன் அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் அதே ஊரின் பேர்தான். இன்றைக்கும் கடைக்குக் கிளம்பும்போது பையை எடுத்துக்கொண்டு, "ஊருக்குள்ள போய்ட்டு வந்துடறேன்ப்பா" என்றுதான் சொல்கிறாள்.