வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள்

கோலாலம்பூர்-லண்டன் தூரம் சுமார் 10,600 கி.மீ., மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 12 மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று விமானப் பயண நேரம் பற்றிய உங்கள் கட்டுரை சொல்கிறது. தூரம் சரி, நேரம்தான் உதைக்கிறது. நேரடி விமானத்திலேயே போக ஏறக்குறைய 14 மணி நேரம் ஆகும். திரும்பும்போது கொஞ்சம் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும். போர் நடக்கும் வான்வெளியைச் சுற்றிப் போவதும் இருக்கிறது.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இரவு 11.30க்குக் கிளம்பி காலை 5.30க்கு இறங்கினால் ஆறு மணி நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டன் நேரம் நம்மைவிட 8 மணி நேரம் பின்னால், அங்கே கோடை என்றால் 7; அதையும் கூட்ட வேண்டும். எங்கள் லயத்து (தோட்டக் குடியிருப்பு) அக்கா ஒருவர் மகளை ஏற்றிவிட்டு, விடியற்காலை ஆறு மணியிலிருந்து கைப்பேசியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், மகள் இறங்கியபோது இங்கே மதியம் ஒன்றரை.

அப்புறம், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையத்துக்கே முந்நூறு கி.மீ. பக்கம். பெருநாள் நேரத்தில் நெடுஞ்சாலை நெரிசலைச் சொல்லவே வேண்டாம். தோட்டத்துப் பிள்ளைகள் முதல்முறை படிக்கப் போகும்போது இதையெல்லாம் சேர்த்துத்தான் கிளம்ப வேண்டும். கட்டுரையில் இதையும் தயவுசெய்து சேருங்கள்.