செயினை மட்டும் மாத்துனா போதுமாம்ல!

லோடு வண்டி டைமிங் செயினை, அதாவது பிஸ்டனை ஆட்டுற கிராங்கையும் வால்வைத் திறக்கிற கேமையும் ஒரே தாளத்துல ஓட வைக்கிற செயினை, வீட்டு வாசல்ல வச்சு மாத்துறதுல ஒரு தப்பும் கிடையாது. கை சுத்தம், பொறுமை, முறுக்கை அளந்து காட்டுற டார்க் ரெஞ்சு மூணும் இருக்கிறவன் தாராளமா மாத்தலாம். வயித்தெரிச்சல் எங்கன வருதுன்னா, "செயினை மட்டும் மாத்துல, மத்த சாமானெல்லாம் நல்லாத்தான இருக்கு"ன்னு டீக்கடை பெஞ்சுல உக்காந்துக்கிட்டு ஒரு கோட்டிக்காரன் சொல்லுவான் பாருங்க, அங்கன வருது. அவன் பேச்சைக் கேட்டு மூடுன இன்ஜின்தான் ஆறு மாசத்துல ஹெட்டைத் தூக்கிக்கிட்டு லேத்துக்குப் போகுது. போன பெறவு அதே ஆளு வந்து, "நான் அப்பமே சொன்னேம்லா, செயின் வண்டியே ஆகாதுன்னு"ம்பான்.

பெரிய லாரிக்காரங்க பதற வேண்டாம். பத்து டயரு, பன்னெண்டு டயரு வண்டியில பெரும்பாலும் டைமிங் கியர்தான். பல்லோட பல்லு கடிச்சு ஓடும், செயினும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. இந்தப் புலம்பல் பிக்கப், மினி லாரி வகையறாவுக்கு. அதுலயும் சிலதுல பெல்ட்டு, சிலதுல செயினு. தன் வண்டியில எது ஓடுதுன்னே தெரியாம சாமான் கடை வாசல்ல போய் நிக்கிறவங்களை என்ன சொல்ல!

சத்தத்துல இருந்து வருவோம். காலையில மொத ஸ்டார்ட்டுல மூணு நாலு விநாடி, தகர டப்பாவுல புளியங்கொட்டையைப் போட்டு உலுக்குன மாதிரி கடகடன்னு ஒரு சத்தம் கேக்கும், பெறவு நின்னுரும். "ஆயில் ஏறுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்"ம்பாங்க. சரிதான், ஆனா ஏன் ஆயில் இறங்குச்சுன்னு ஒருத்தன் கேக்க மாட்டான். டென்ஷனர்ங்கிறது செயினை இறுக்கிப் பிடிக்கிறது, ஆயில் பிரஷர்ல நிக்கிற சாமான். உள்ள ஒரு சின்ன வால்வு இருக்கு, ராத்திரி பூரா ஆயிலைப் பிடிச்சு வைக்கிறது அதோட வேலை. அது தேஞ்சா ஆயில் வடிஞ்சு, விடியக்காலையில செயினைத் தள்ளிப் பிடிக்கிற பிளஞ்சர் தளந்து கிடக்கும், செயின் ஆடும், அது உரசி ஓடுற பிளாஸ்டிக் கைடைப் போய் அடிக்கும். தினமும் நாலு விநாடி அடிச்சா கைடு என்னத்துக்கு ஆகும்?

இதுக்கு நம்மூர் வைத்தியம், கட்டி ஆயிலை ஊத்துறது. 20டபிள்யூ50 ஊத்துனா சத்தம் அமுங்கும். அமுங்குன சூட்டுல வண்டியை வித்துருவானுவ. கட்டி ஆயில் காலையில மேல ஏற இன்னும் நேரம் எடுக்கும். அந்த நேரம் பூரா கேமும் செயினும் காஞ்சு ஓடும். வாங்குனவன் தலையில விடியும்.

இன்னொரு கூட்டம் இருக்கு. செக் லைட் எரியுது, ஸ்கேனர்ல பி0016ன்னு வருதுன்னா, கிராங்கும் கேமும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தலன்னு அர்த்தம். உடனே கேம் சென்சாரை மாத்துவாங்க. போகாது. கிராங்க் சென்சாரை மாத்துவாங்க. போகாது. அடுத்து வயரிங்கை அறுத்துப் பிரிப்பாங்க. செயின் நீண்டு கேம் பின்தங்கிருச்சுன்னு சென்சார் உண்மையைச் சொல்லுது, உண்மையைச் சொன்னவனையே தூக்கிக் குப்பையில போடுதானுவ.

நீளுறதுன்னா ரப்பர் மாதிரி இழுபடுறது இல்ல வே. கண்ணிக்குள்ள இருக்கிற பின்னு தேயுது, அவ்வளவுதான். ஒரு கண்ணியில 0.05 மி.மீ. தேய்மானம்னு வைங்க, கண்ணுக்கே தெரியாது. செயின்ல 120 கண்ணி இருந்தா மொத்தம் 6 மி.மீ. ஆச்சு. பழைய செயினையும் புதுச் செயினையும் ஒரே ஆணியில தொங்க விட்டுப் பாத்தா, வளையமாத் தொங்குறதால அதுல பாதி, 3 மி.மீ., பல்லைக் காட்டும். கிராங்க் சக்கரத்துல 20 பல்லு இருக்குன்னா, ஒரே ஒரு பல்லு தாண்டுனா 18 டிகிரி போச்சு. டீசல் இன்ஜின்ல மேல வந்த பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவுல இருக்கிற இடம் ரொம்பக் கொஞ்சம். தாண்டுனா முட்டும், முட்டுனா வால்வு வளையும்.

"செயின் லைஃப் டைம், அதைத் தொடவே வேண்டாம்"னு சொல்லுதவங்க எந்த லைஃபைச் சொல்லுதாங்களோ. ஈ.ஜி.ஆர்., அதாவது புகையில ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள்ளயே அனுப்புற ஏற்பாடு, இருக்கிற டீசல்ல கரி ஆயில்ல கலந்துக்கிட்டே இருக்கும். கரி கலந்த ஆயில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல போய் உப்புத்தாள் வேலை பாக்கும். நயினார்குளம் மார்க்கெட்டுலயும் பாவூர்சத்திரத்துலயும் லோடு ஏறுற வரைக்கும் இன்ஜினை அணைக்காம போட்டிருப்பாங்க. பெறவு அதே லோடோட புளியரை மேடு ஏறுவாங்க. நின்னு ஓடுன அந்த மணிக்கணக்கு கிலோமீட்டர்ல காட்டாது. மீட்டரைப் பாத்து ஆயில் மாத்துறவனுக்கு ஆயில் செத்துப்போய் எத்தனை நாளாச்சுன்னு தெரியவே தெரியாது. 2020 ஏப்ரலுக்குப் பெறவு வந்த பி.எஸ். 6 வண்டியில புகையில வர்ற கரியைப் பிடிக்கிற டி.பி.எஃப். வடிகட்டி இருந்தா சாம்பல் குறைஞ்ச ஆயில்தான் ஊத்தணும். அதையும் "எல்லாம் ஒரே எண்ணெய்தான அண்ணாச்சி"ன்னு டின்னைத் திறந்துருவாங்க.

இப்ப அந்த "கிட்டு" விஷயம். பொட்டி மேல கிட்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். திறந்தா ஒரு செயின், ரெண்டு பிளாஸ்டிக் கைடு. இதுவா கிட்டு? செயின், டென்ஷனர், நிக்கிற கைடு, அசையுற கைடு, கிராங்க் சக்கரம், கேம் சக்கரம், கிராங்க் போல்ட், கேம் சக்கர போல்ட், முன் ஆயில் சீல், டேப்பெட் கவர் பேக்கிங், ஆயில் பம்புக்குத் தனிச் செயின் இருந்தா அதுவும் அதோட டென்ஷனரும். இத்தனையும் மேசையில வந்த பெறவுதான் மொத போல்ட்ல ஸ்பேனரை வைக்கணும். சக்கரத்தை ஏன் மாத்தணும்னா, பழைய பல்லு ஒரு பக்கமா கொக்கி மாதிரி தேஞ்சு போயிருக்கும். புதுச் செயினை அதுல மாட்டுனா, பழைய செயினுக்குப் பழகுன பல்லு புதுசைத் தன் இஷ்டத்துக்குத் தேச்சுரும்.

பழைய கைடைக் கையில எடுத்துப் பாருங்க. புதுசா இருக்கும்போது வழவழன்னு இருந்தது இப்ப டீ டிகாக்ஷன் நிறத்துல கறுத்து, நடுவுல செயின் ஓடுன ரெண்டு தடம் பள்ளமா விழுந்திருக்கும். ஓரத்தை லேசா வளைச்சா சீனி மிட்டாய் மாதிரி சடக்குனு ஒடியும். ஒரு துண்டு ஏற்கெனவே காணாமப் போயிருந்தா, அது எங்க போச்சுன்னு யோசிக்கணும்லா? இன்ஜின் அடியில ஆயில் தேங்குற சம்ப்புலதான் கிடக்கும், ஆயில் உறிஞ்சுற வலையில ஒட்டிக்கிட்டு. "சம்ப்பை இறக்குறது பெரிய வேலை, விடு"ன்னு விட்டா, புது டென்ஷனருக்கு ஆயில் எங்க இருந்து வரும்? மாத்துன மறுநாளே அதே புளியங்கொட்டைச் சத்தம். பழி கடைசியில சாமான் கடைக்காரன் மேல.

இடத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. ஆடிக் காத்து அடிக்கும்போது பணகுடி, ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் வெட்டவெளியில இன்ஜின் முகத்தைத் திறந்து வைக்காதீங்க. ஆரல்வாய்மொழிக் கணவாயில இருந்து வர்ற காத்து மணலை அள்ளிக் கேம் மேல தூவிட்டுப் போகும். தார்ப்பாய் கட்டி மறைச்சு, பிரிக்கிற நேரம் தவிர மத்த நேரம் எண்ணெய் நனைச்ச சுத்தமான துணியைப் போட்டு மூடி வைக்கணும். வண்டியைத் தூக்கி ஹாலோ பிளாக்கை முட்டுக் குடுக்கிறவங்களைப் பாத்தா ஈரக்குலை நடுங்குது. அது சுவரு கட்ட உள்ள கல்லு. வெடிச்சா பொடிப்பொடியாத்தான் போகும், கீழ படுத்திருக்கிற ஆளோட. ஸ்டாண்டு வாங்குங்க, இல்ல வாடகைக்கு எடுங்க.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு ஆரம்பிங்க. கிராங்க் போல்ட்டைக் கழட்ட நீளக் கம்பியைச் சேசிஸ்ல முட்டுக் குடுத்து செல்ஃப் அடிக்கிற வித்தை ஒண்ணு ஓடுது. அந்தக் கம்பி நழுவுனா ரேடியேட்டர் போகும், இல்ல மூஞ்சி போகும். சில இன்ஜின்ல அந்த போல்ட் இடமரை, இடப்பக்கம் திருப்புனாத்தான் இறுகும். செல்ஃப் அடிக்க அடிக்க இன்னும் இறுகும். டைமிங் பின்னைச் சொருகிக்கிட்டு அதை நம்பிக் கழட்டுறது இன்னொரு கிறுக்குத்தனம். அந்தப் பின்னு இடத்தைக் காட்டத்தான், பலத்தைத் தாங்க இல்ல. வளைஞ்சா அதோட டைமிங்கும் போச்சு. புல்லியைப் பிடிக்கத் தனி ஹோல்டர் இருக்கு. சில இன்ஜின்ல கிராங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவுல நழுவாம பிடிக்கிற இரும்புக்கட்டை, 'சாவி'ம்பாங்களே, அதுவே கிடையாது, அந்த போல்ட்டோட இறுக்கம் மட்டும்தான் சக்கரத்தைப் பிடிச்சு வச்சிருக்கு. அதுல போய் பழைய போல்ட்டைப் போட்டு, கைக்கணக்குல முறுக்குனா நடு ரோட்டுல டைமிங் நழுவும். டிகிரிக் கணக்குல முறுக்குற போல்ட் ஒரு தடவைதான். இழுபட்ட போல்ட் மறுபடி அதே பிடியைக் குடுக்காது.

மார்க் வைக்கிறதுல நெயில் பாலிஷ் கோஷ்டி ஒண்ணு இருக்கு. பழைய செயின்லயும் சக்கரத்துலயும் புள்ளி வச்சு, கண்ணியை எண்ணி, அதை அப்படியே புதுசுல இறக்குவாங்க. நீண்டு போன செயின்ல இருந்து படியெடுத்தா தப்பும் சேந்துதான படியும்? ஏற்கெனவே ஒரு பல்லு தாண்டியிருந்தா அதையும் பக்தியோட காப்பியடிச்சுருவாங்க. கிராங்கை டைமிங் பின்னைச் சொருகிப் பூட்டு, கேமையும் அதோட பின்னைச் சொருகிப் பூட்டு, புதுச் செயின்ல நிறம் வச்ச கண்ணியைச் சக்கரத்து மார்க்குக்கு நேரா வை. பூட்டுப் பின்னுக்குப் பதிலா ட்ரில் பிட்டைச் சொருகுனா அது ஓட்டையில லொடலொடன்னு ஆடும், அந்த ஆட்டம் அத்தனையும் டைமிங்ல வந்து நிக்கும்.

புது டென்ஷனர் அமுக்கி, ஒரு சின்னப் பின் குத்தி வரும். மாட்டி, போல்ட்டை இறுக்கின பெறவுதான் அந்தப் பின்னை உருவணும். கடையில நின்னு "என்னது இது"ன்னு உருவிப் பாக்காதீங்க, பிளஞ்சர் வெளிய பாஞ்சுரும். உருவ மறந்து கவரை மூடுறவங்களும் உண்டு. மொத செல்ஃப்லயே செயின் தாண்டும், வால்வு வளையும். ஆயிரக்கணக்குல செலவழிச்சு வாங்குன சாமானை ஒரு குண்டூசி தின்னுட்டுப் போயிரும்.

கவரை மூடுறதுக்கு முன்னால, பூட்டுப் பின்களை உருவிட்டு, கிராங்கைக் கையால, அது ஓடுற திசையிலயே, முழுசா ரெண்டு சுத்து. பின்னோக்கிச் சுத்தக் கூடாது, தளர்வு அந்தப் பக்கம் போய்ப் பல்லு தாண்டலாம். சுத்தும்போது கையே சொல்லும். கம்ப்ரஷன்னா தலையணையை அமுக்குன மாதிரி கனமா இருந்து பைய இடங்குடுக்கும். வால்வு பிஸ்டன்ல முட்டுனா கல்லுல மோதுன மாதிரி டக்குனு நிக்கும். நின்னா அதோட நிறுத்து. கம்பியைப் போட்டு நெம்பாதே. ரெண்டு சுத்து முடிஞ்சு பாத்தா பூட்டுப் பின்கள் ரெண்டும் ஓட்டையில தானா இறங்கணும். நிறக் கண்ணி மார்க்குக்கு நேரா வந்து நிக்காது. அது திரும்ப நேர்ல வர எத்தனையோ சுத்து ஆகும். இது தெரியாம நல்லா வச்ச டைமிங்கைப் பிரிச்சுக் கெடுக்கிறவங்க கொள்ளப் பேரு.

கவருக்குச் சிலிக்கான் பேஸ்ட் 3 மி.மீ. கனத்துல ஒரே கோடு போதும். கேக்குக்குக் கிரீம் வைக்கிற மாதிரி அப்புனா, மிச்சம் உள்ள பிதுங்கி, உதுந்து, அதே ஆயில் வலையிலதான் போய் உக்காரும். நம்மூர் வெக்கைக்கு சட்டுனு தோல் கட்டும், அதனால பேஸ்டைப் போட்டுட்டு போல்ட்டைத் தேடப் போகாதீங்க. போல்ட் எல்லாம் ஒரே நீளமும் இல்ல. அட்டையில கவர் படத்தை வரைஞ்சு, எந்த ஓட்டையில கழட்டுனமோ அந்த இடத்துலயே குத்தி வைக்கணும். கவரோட எம்6 போல்ட்டு, அதாவது 6 மி.மீ. போல்ட்டு, 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் தாங்கும், அதாவது ஒரு கிலோ டார்க். அதைப் போய் நீள டி ராடுல முறுக்கி அலுமினியத்துல மரையைப் பிடுங்கிட்டு, "கம்பெனிக்காரன் தகரத்துல செஞ்சிருக்கான்"னு வையுறது.

கம்பெனிக்காரனையும் வையணும், வேற காரணத்துக்கு. கையேட்டுல டயர் காத்து எவ்வளவு, பாட்டுப் பெட்டியை எப்படித் திருப்பணும்னு நாப்பது பக்கம் இருக்கு. கிராங்க் போல்ட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர், எத்தனை டிகிரின்னு ஒரு வரி கிடையாது. காசு குடுத்து வண்டி வாங்குனவன் அந்த ஒரு எண்ணுக்காகத் தெருத் தெருவா அலையணும். அலைஞ்சாலும் பரவாயில்ல, உங்க இன்ஜினுக்கான எண்ணு கையில வராம அந்த போல்ட்டைத் தொடாதீங்க. பக்கத்து வண்டிக் கணக்கு உங்க வண்டிக்கு உதவாது.

ஸ்டார்ட் பண்ற அன்னைக்கு அவசரப்படாதீங்க. பேஸ்ட் டியூப்ல போட்டிருக்கிற நேரம் ஆகட்டும், பெறவு ஆயில் ஊத்துங்க. ஃபில்டர் புதுசு. வாய் மேல பாத்து நிக்கிற ஃபில்டர்னா ஆயில் நிரப்பியே மாட்டுங்க. இன்ஜெக்டர் கனெக்டரைக் கழட்டிட்டு 10 விநாடி செல்ஃப், ஒரு நிமிஷம் ஓய்வு, திரும்ப 10 விநாடி, ஆயில் லைட் அணையுற வரைக்கும். அதுக்கு அப்புறம்தான் கனெக்டரை மாட்டி ஸ்டார்ட். ஒண்ணு ரெண்டு விநாடி சத்தம் வந்து அடங்கலாம். பத்து விநாடியாகியும் கடகடன்னா உடனே அணைங்க. ஆக்ஸிலேட்டரை மிதிச்சுப் பாக்கிற வேலை வேண்டாம்.

கழட்டுன பழைய டென்ஷனரைத் தூரப் போடாதீங்க, சுத்தியலால ஒரு போடு போட்டு நசுக்கிட்டுப் பழைய இரும்புக்குப் போடுங்க. முழுசாப் போட்டா, எவனாவது பெட்ரோல்ல கழுவி, பொட்டியில வச்சு, அடுத்தவன் வண்டியில ஏத்திருவான்.