வாங்க, ஆனா உக்காருங்க

ரெண்டு நாளா எங்க டீச்சர்ஸ் வாட்ஸ்அப் க்ரூப்ல ஒரே சண்டை. சொல்லாம கொள்ளாம வகுப்புக்குள்ள அதிகாரிங்க வந்து பாக்குறது சரியா தப்பான்னு. பெரும்பாலானவங்க "எங்கள திருடன் மாதிரி பிடிக்க வர்றாங்க"ன்னு கொதிக்கிறாங்க. நான் என்னமோ வரட்டும்னுதான் சொல்வேன், திட்டுறவங்க பொறுமையா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

முன்னாடி ஆண்டாய்வுன்னா தேதி சொல்லிட்டு வருவாங்க. ஒரு வாரம் முன்னாடியே சுவருக்கு வெள்ளை, புது சார்ட், வாசல்ல கோலம். நானே பண்ணிருக்கேன், மறைக்க என்ன இருக்கு, முந்தின நாள் நடத்துன பாடத்தையே புதுசா நடத்துற மாதிரி நடத்தி, யார கேட்டா பதில் வருமோ அவங்களையே எழுப்பி கேட்டு, பசங்களும் என்னோட சேர்ந்து நடிச்சு, நடுவுல ஒரு வாலு மட்டும் "டீச்சர் இது நேத்தே நடத்திட்டீங்களே"ன்னு கத்துனான் பாருங்க, அன்னைக்கு அந்த சார் சிரிச்சிட்டு விட்டுட்டாரு. அந்த நாடகத்துக்கு திடீர் விசிட் எவ்வளவோ மேல்.

அதுவும் இப்ப முழுசா திடீர்னும் இல்ல. பக்கத்து ஸ்கூல் டீச்சர் மெசேஜ் போட்டுடுவாங்க, "ஜீப் உங்க பக்கம் திரும்பிருக்கு". பத்து நிமிஷம் கிடைக்கும். அதுல பாடக்குறிப்பு எடுத்து மேசை மேல வச்சிடலாம், அவ்வளவுதான்.

என் கோபம் வேற. வர்றவங்க எதப் பாக்குறாங்க?

ஒரு தடவை ஒரு அதிகாரி வந்தாங்க. ஒரு பொண்ணு காலைல வெறும் வயித்தோட வந்து வாந்தி எடுத்துட்டா, நான் தண்ணியும் மண்ணும் போட்டு துடைச்சிட்டு இருக்கேன், எங்களது ஈராசிரியர் பள்ளி, அன்னைக்கு ஹெச்எம் மீட்டிங் போயிட்டாங்க, அஞ்சு வகுப்புப் பசங்களும் என் தலையில. வந்தவங்க கேட்ட முதல் கேள்வி, "பாடக்குறிப்பு எங்க?" அடுத்து மூணாங்கிளாஸ் பையன் ஒருத்தன எழுப்பி புத்தகத்தக் குடுத்து படிக்கச் சொன்னாங்க. அவன் அரும்பு. 2022ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுலருந்து பசங்கள அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சுத்தான் சொல்லிக் குடுக்குறோம், அரும்புல இருக்குறவன் இப்பதான் எழுத்துக் கூட்டுறான், அது அவங்க டிபார்ட்மென்ட் போட்ட திட்டம்தானே! அவன் முழிச்சான். விசிட் நோட்டுல "வாசிப்புத்திறன் மேம்பட வேண்டும்"னு எழுதிட்டு, போன்ல எதையோ டிக் அடிச்சு, போட்டோ எடுத்துட்டு கிளம்பிட்டாங்க. மொத்தம் பன்னெண்டு நிமிஷம். இதுக்கு விளக்கம் கேட்டு மெமோ வேற. ஒழுங்கு நடவடிக்கைன்னு 17ஏ போடுவாங்களோன்னு அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

இங்கிலாந்துலயும் இதே சண்டை நடந்திருக்கு. அங்க ஸ்கூல்கள ஆய்வு பண்ற ஆஃப்ஸ்டெட், 2012ல இனிமே முன்கூட்டி சொல்லாம வருவோம்னு கிளம்பி, எதிர்ப்பு வந்ததும் முந்தின நாள் மதியம் போன் பண்ணிட்டு வர்றதா மாத்திக்கிட்டாங்க. எனக்கு அந்த போன் கூட வேணாம்.

ஏன்னா ரொம்ப வருஷம் முன்னாடி, வட்டாரக் கல்வி அலுவலர், அதான் பிஇஓவ, இன்னும் ஏஇஓன்னு சொல்லிட்டிருந்த காலம், ஒரு சார் இப்படித்தான் திடீர்னு வந்தாரு. எந்த நோட்டும் கேக்கல. செருப்ப வெளிய விட்டுட்டு பசங்களோட தரையில உக்காந்துட்டாரு, நாப்பது நிமிஷம், வாயே திறக்கல. எனக்குக் கை நடுங்கி சாக்பீஸ் ரெண்டு தடவை கீழ விழுந்துச்சு. முடிஞ்சதும் தனியா கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு, "ஜன்னல் ஓரத்துப் பையன் மூணு தடவை கை தூக்குனான்மா, நீங்க அந்தப் பக்கம் திரும்பவே இல்ல." உண்மைதான். நான் வலது பக்கமே பாத்து நடத்துறேன்னு அதுவரைக்கும் எனக்கே தெரியாது, எந்த ட்ரெயினிங்லயும் யாரும் சொல்லல, ட்ரெயினிங் நடக்குற வட்டார வள மையத்துல எத்தன நாள் உக்காந்திருப்பேன்!

அதனால வாங்க சார், வாங்க மேடம். காலைல பத்து மணிக்கு வராதீங்க, அப்ப யார் வேணா நல்லா நடத்துவாங்க. மதியம் சாப்பிட்டு பாதிப் பசங்க சொக்கி விழுற ரெண்டரை மணிக்கு வாங்க. பெஞ்ச் கிடையாது எங்ககிட்ட, பாய்தான்.