எம்பிபிஎஸ் சீட்டுக்கு இன்டர்வியூ, வெயிட்டிங் லிஸ்ட்: அந்த ஃபார்வர்டை நம்பாதீங்க

"நீட் மார்க் கம்மியா இருந்தாலும் மேனேஜ்மென்ட் கோட்டால இன்டர்வியூ வச்சு சீட் தர்றாங்க, இப்பவே அட்வான்ஸ் கட்டினா வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் பேரு உங்க பிள்ளைதான்"னு ஒரு மெசேஜ் சென்னைல பேரன்ட்ஸ் குரூப்ல எல்லாம் சுத்துது. சுத்தப் பொய்ங்க.

தமிழ்நாட்டுல எம்பிபிஎஸ்க்கு இன்டர்வியூவே கிடையாது. தனியார் காலேஜ் மேனேஜ்மென்ட் சீட்டா இருந்தாலும் நீட் பாஸ் பண்ணியே ஆகணும், சென்னை கீழ்ப்பாக்கத்துல இருக்கிற தமிழ்நாடு அரசோட செலக்‌ஷன் கமிட்டிதான் ரேங்க் லிஸ்ட் போட்டு கவுன்சிலிங் நடத்துது, காலேஜ்காரங்க தனியா ஆள் எடுக்க முடியாது. அரசு காலேஜ்ல 15 சதவீதம் அகில இந்திய கோட்டா, அதுக்கு டெல்லில இருக்கிற எம்சிசி (மத்திய அரசோட மெடிக்கல் கவுன்சிலிங் கமிட்டி) கவுன்சிலிங் நடத்துது, அங்கயும் ரேங்க்தான். முன்னாடி வேலூர் சிஎம்சில இன்டர்வியூ இருந்துச்சு, உண்மைதான், ஆனா அது நீட் வர்றதுக்கு முந்தின கதை, அதை வச்சுத்தான் இன்னும் நம்ம ஜனங்களை ஏமாத்துறாங்க, வயித்தெரிச்சலா இருக்கு.

வெயிட்டிங் லிஸ்ட்டுனு காசு கட்டி பேர் போடுற லிஸ்ட்டும் இல்ல. யாராவது சேராம விட்டா அந்த சீட் அடுத்த ரவுண்டுக்குப் போகும், கடைசில மிச்சம் இருக்கிற காலி சீட்டுக்கு ஸ்ட்ரே ரவுண்ட், எல்லாமே ரேங்க்படிதான். நகையை அடகு வச்சு ஏஜென்ட் கைல குடுத்துடாதீங்க, ப்ளீஸ். ஆன்லைன்ல ஏற்கனவே பணம் அனுப்பிட்டீங்கன்னா உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க.