பைப் புகையை உள்ளே இழுக்காவிட்டால் ஆபத்தில்லையா?

கொடைக்கானல் குளிருக்குப் புகையிலைப் பைப் பிடிக்கப் பழகலாமா என்று கேட்ட தம்பிக்கு, புகையை வாயிலேயே வைத்து ஊதிவிட்டால் நிக்கோட்டின் ஏறாது, புற்றுநோயும் வராது என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். நுரையீரலுக்கு இழுக்காமல் வாயில் சுவைப்பதுதான் பைப் வழக்கம், அது சரி. ஆனால் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலக்கும். புகையே இல்லாத மெல்லும் புகையிலை எப்படிப் போதை தருகிறது என்று யோசித்துப் பாருங்கள். புதிதாகப் பிடிப்பவர் அவசரமாக இழுத்தால் தலைசுற்றிக் குமட்டுவதும் இந்த நிக்கோட்டினால்தான், மலைக் காற்றால் இல்லை.

வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஏன் நுரையீரல் புற்றுநோய்க்கும் சுருட்டும் பைப்பும் காரணம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐஏஆர்சி 2004-இல் வெளியிட்ட, புற்றுநோய்க் காரணிகள் பற்றிய அறிக்கை வரிசையின் 83-ஆம் தொகுதி சொல்கிறது. அவர்கள் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும், சுருட்டு, பைப் பற்றிய பகுதியை மட்டும் தேடிப் படித்தால் போதும்.