ஒரே புத்தகத்தை எத்தனை முறைதான் படிப்பது?

ஆண்டுக் கடைசியில் ஐம்பது படித்தேன், நூறு படித்தேன் என்று பட்டியல் போடுகிறோம். அந்தக் கணக்கில் ஏற்கெனவே படித்த புத்தகத்துக்கு இடமில்லை. மறுவாசிப்பு என்றால் நேரத்தை வீணடிப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. கதை முழுக்கத் தெரிந்த பிறகும் எந்தப் புத்தகத்தை மறுபடி எடுக்கத் தோன்றுகிறதோ, அதுதான் பிடித்த புத்தகம். மற்றவை எல்லாம் படித்த புத்தகங்கள், அவ்வளவுதான்.

டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்னா நாவலுக்குள் வருவதே முதல் பாகத்தின் 18ஆம் அத்தியாயத்தில்தான். மாஸ்கோ நிலையத்தில் ரயிலை விட்டு இறங்குகிறாள். சற்று நேரத்தில் அங்கே ஒரு காவலாளி ரயிலில் அடிபட்டுச் சாகிறான். முதல் வாசிப்பில் அந்தச் சாவு மனதில் தங்குவதில்லை. அவளும் பின்னாளில் அவள் காதலனாகும் விரோன்ஸ்கியும் பார்த்துக்கொண்ட பார்வையிலேயே நாம் இருப்போம். கடைசியில் அன்னாவும் ரயிலின் அடியில் விழுந்துதான் சாகிறாள் என்ற முடிவு தெரிந்தபின் படிக்கும்போது, அவள் தன் அண்ணனிடம் இது கெட்ட சகுனம் என்று சொல்லும் இடத்தில் நெஞ்சு பதைக்கிறது.

நாவலின் இன்னொரு நாயகனான நிலக்கிழார் லெவின் குடியானவர்களோடு சேர்ந்து புல் அறுக்கும் பக்கங்களும் அப்படித்தான். இளவயதில் அன்னா எப்போது வருவாள் என்று அவற்றைத் தள்ளிக்கொண்டே போவோம். பின்னாளில் அந்தப் பக்கங்களுக்காகவே புத்தகத்தைத் திறப்போம். அன்னா ஏழாம் பாகத்தோடு போய்விடுகிறாள்; எட்டாம் பாகம் லெவினுடையது. தொடராக வெளியிட்டுவந்த பத்திரிகை 1877இல் அந்தப் பாகத்தைப் போட மறுத்துவிட்டது. டால்ஸ்டாய் அதைத் தனியாக அச்சிட்டார். கதைக்காக மட்டும் படிப்பவருக்கு அது மிகை என்று தோன்றலாம். திரும்பப் படிப்பவர் அதற்காகவே காத்திருப்பார்.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் (1966) முதலில் நம்மை இழுப்பவர் கதை சொல்லும் ஆசான். அடுத்த முறை அந்த மரத்தைச் சுற்றி முளைக்கும் வியாபாரப் போட்டியும் தேர்தல் சண்டையும் கண்ணை உறுத்துகின்றன.

இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுவே முக்கியம். துக்கத்தில் இருப்பவருக்குப் புதிய பாத்திரங்களோடு பழகத் தெம்பு இருக்காது. பெயர் தெரிந்தவர்கள், குணம் தெரிந்தவர்கள்தான் அப்போது வேண்டும். குழந்தைகளுக்கு இது நன்றாகத் தெரியும். தினமும் அதே கதையைக் கேட்பார்கள், ஒரு வரி விட்டால் பிடித்துவிடுவார்கள்.

நான் உங்களிடம் 'சிறந்த பத்து' கேட்கவில்லை. கதை தெரிந்தும் நீங்கள் திரும்பப் போகும் புத்தகம் எது, அதில் எந்தப் பக்கத்துக்காகப் போகிறீர்கள்? அதை எழுதுங்கள்.